லோக்கல் பாட்டு

சாமராஜநகரில் இருக்கிறேன் என்று தமிழ்நாட்டில் யாரிடமாவது சொன்னால், "வீரப்பன் காட்டுப் பக்கமா?" என்பார்கள். கர்நாடகாவில் சொன்னால், "முதலமைச்சர் வந்தா பதவி போயிடுமாமே, அந்த ஊரா?" என்பார்கள். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதை சித்தராமையா பல தடவை வந்து போய் உடைத்துவிட்டார், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. அரசியல்வாதிகள் வரப் பயந்த ஊருக்கு வங்கி அதிகாரிகளை மட்டும் தயங்காமல் மாற்றல் போட்டு அனுப்புகிறார்கள். நமக்கு என்ன பதவியா போகப் போகிறது :-)

மைசூரிலிருந்து ஒன்றரை மணி நேரம். 1997 வரை மைசூர் மாவட்டத்திலேயே இருந்த ஊர். தெற்கே போனால் ஆசனூர், திம்பம், இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, இறங்கினால் சத்தியமங்கலம். கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு. ஆனால் என் சொந்த ஊர் திருமங்கலம். மதுரைக்காரனுக்கு இங்கிருந்து வீடு ரொம்ப தூரம்தான். அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் என் தங்கை "நீ பக்கத்து மாநிலத்துல இருந்துட்டு என்ன புலம்பல்?" என்கிறாள். பக்கத்து மாநிலத்தில் இருப்பவனுக்குத்தான் புலம்பல் ஜாஸ்தி. அது அவளுக்குப் புரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனியர் பியூசி இரண்டாம் வருடம் (நம்ம ஊர் ப்ளஸ் டூ). போன மாதம் ஒரு ராத்திரி போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா என்று வாங்கிப் பார்த்தேன். முப்பது செகண்ட் ரீல்ஸ். அவன் வகுப்புப் பையன் ஒருவன், கல்லூரி ஆண்டு விழாவில் கம்சாளே ஆடுகிறான்.

கம்சாளே தெரியாதவர்களுக்கு: மாதேஸ்வரன் மலை சாமியைப் பாடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் வெண்கலத் தாளம். ஒன்று கிண்ணம் மாதிரி, இடது கையில். இன்னொன்று தட்டையாக, நடுவில் கயிறு கட்டி, வலது கையில். தட்டிக்கொண்டே பாடுவார்கள். கயிற்றைப் பிடித்து வீசி, சுழற்றி, குனிந்து நிமிர்ந்து ஆடவும் செய்வார்கள், தாளம் தப்பாது. மாதேஸ்வரன் கதையை ராத்திரி ராத்திரியாகப் பாடுவது இவர்கள் மரபு. ஈரோடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு வருகிற நம் ஜனங்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அந்த ரீல்ஸில் பையனின் பாட்டை வெட்டி, கழுதை கத்துகிற சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். அவன் குனிந்து எழும்போதெல்லாம் கழுதை கத்துகிறது. கீழே ஒரே ஒரு வார்த்தை: லோக்கல்.

"யாருடா பண்ணது இது?"

"நான் இல்லப்பா. எங்க குரூப்ல ஒருத்தன். சும்மா ஜாலிக்கு. அவன் ஃபுல் லோக்கல்பா."

அந்த வார்த்தையில்தான் எனக்குச் சுருக்கென்றது. அதை நான் வேறு ஒரு இடத்தில் கேட்டிருக்கிறேன். கேட்டதென்ன, சொல்லியிருக்கிறேன்.

ஜூனியரின் கல்லூரியில் நடப்பதைக் கொஞ்சம் விசாரித்தேன். இரண்டு கட்சியாம். ஒன்று ராப் கட்சி. ஹனுமான்கைண்ட் 2024-இல் 'பிக் டாக்ஸ்' போட்டதிலிருந்து இவர்கள் நடையே மாறிவிட்டது. ஏப்ரல் வெயிலிலும் தொப்பி வைத்த டீ-ஷர்ட். நம்மாளு இந்தக் கட்சி. இன்னொன்று பிடிஎஸ் கட்சி, கொரியாக்காரர்கள் பாட்டு. அந்தப் பாட்டைக் கேட்கிற பையன்களை இவர்கள் "பொண்ணு" என்கிறார்கள். அவர்கள் இவர்களைப் "பொறுக்கி" என்கிறார்கள். ஒரு தடவை பஸ்ஸில் தள்ளுமுள்ளு நடந்து ஒருவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஆண்டு விழாவில் யாருக்கு எவ்வளவு நேரம் என்று இரண்டு கட்சிக்கும் ஒரு வாரம் சண்டை. கடைசியில் நேரமாகிவிட்டதென்று இரண்டு கட்சியின் நிகழ்ச்சியையும் வெட்டிவிட்டார்கள். மாவட்டத்தின் கலை என்று கம்சாளேவை மட்டும் வெட்டவில்லை. விருந்தினர் வேறு எழுந்து நின்று கைதட்டினாராம். அவ்வளவுதான், அதுவரை ஒருவரையொருவர் பார்த்து முறைத்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். ரீல்ஸை எடுத்தது ராப் கட்சி. கழுதைச் சத்தம் பிடிஎஸ் கட்சியின் யோசனை.

இனி கொசுவர்த்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

1996 முதல் 1999 வரை திருச்சியில் பி.காம். விடுதியில் தங்கிப் படித்தேன். அங்கே எங்களுக்கும் இரண்டு கட்சி. ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் அது நிஜமான சண்டை. ஒரே பிளாக்கில் மேல்மாடி அவர்களுடையது, கீழ்மாடி எங்களுடையது. நான் ராஜா கட்சியில் முக்கியஸ்தன். என்னிடம் மட்டும் நாற்பது ராஜா கேசட் இருந்தது. எல்லாம் கடையில் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து டிடிகே கேசட்டில் பதிவு செய்து வாங்கியது.

'மின்சார கனவு' வந்த வருடம் (1997) அவர்கள் மாடியில் ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். அதே வருடம் 'காதலுக்கு மரியாதை' வந்ததும் நாங்கள் பழிக்குப் பழி வாங்கினோம். மெஸ்ஸில் ஒரே டேபிளில் உட்கார மாட்டோம். "உங்க ஆளுக்கு கம்ப்யூட்டர் இல்லைன்னா ஒண்ணும் வராது" என்போம். "உங்க ஆளு காலம் முடிஞ்சுபோச்சு" என்பார்கள். ஒருமுறை என்னுடைய 'தளபதி' கேசட்டில் நாடாவை உருவி வேப்பமரத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். பதிலுக்கு நாங்கள் செய்ததை எழுத வேண்டாம், தங்கமணி இதைப் படிப்பாள்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. சண்டை பாட்டுக்காக இல்லை. கீழ்மாடியில் இருந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்தும் சின்ன டவுனிலிருந்தும் வந்தவர்கள், தமிழ் மீடியம். மேல்மாடியில் இருந்தவர்கள் இங்கிலீஷ் மீடியம், வாக்மேன் வைத்திருப்பவர்கள், சாயங்காலம் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறவர்கள். அவர்கள் எங்களைப் 'பட்டிக்காடு' என்றார்கள். நாங்கள் அவர்களைப் 'பீட்டர்' என்றோம். அதை நேராகச் சொல்லிச் சண்டை போட முடியாது. பாட்டைச் சொல்லிச் சண்டை போடலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சம்பந்தப்பட்டவர்களிடம் இந்தச் சுவரே கிடையாது. சின்ன வயதில் ராஜாவின் குழுவில் கீபோர்ட் வாசித்தவர்தான் ரஹ்மான். 1992-ஆம் வருடப் படங்களுக்கான 40-வது தேசிய விருதில் இசையமைப்பாளர் விருதுக்கு 'தேவர் மகன்' ராஜாவும் 'ரோஜா' ரஹ்மானும் சமமாக நின்றார்கள் என்றும், தேர்வுக்குழுத் தலைவராக இருந்த தான் புதுப் பையனுக்கு ஓட்டுப் போட்டதாகவும் பாலு மகேந்திராவே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஓட்டுக்காக அவரையும் நாங்கள் விடுதியில் திட்டியிருக்கிறோம்!

ஆனால் அதே விருதுப் பட்டியலை முழுதாகப் பார்த்தது இந்த ஊருக்கு வந்த பிறகுதான். சிறந்த இசையமைப்பாளர் ரஹ்மான். சிறந்த பாடகி எஸ். ஜானகி, ராஜா இசையமைத்த 'தேவர் மகன்' பாட்டுக்காக. சிறந்த பாடகர்? நம்ம டாக்டர் ராஜ்குமார், 'ஜீவன சைத்ரா' என்ற கன்னடப் படத்துக்காக. மூன்று கட்சியும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது.

ராஜ்குமார் பிறந்த காஜனூர் இன்றைக்குத் தமிழ்நாட்டில், தாளவாடிப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். 2000 ஜூலை 30 அன்று வீரப்பன் அவரைக் கடத்தியதும் அந்த ஊரிலிருந்துதான். 108 நாள். அவருக்கு நெடுங்காலம் குரல் கொடுத்த பி.பி. ஸ்ரீநிவாஸ் மெட்ராஸில் வாழ்ந்தவர். 1974-இல் 'சம்பத்திகெ சவால்' படத்தில் ராஜ்குமாரைப் பாட வைத்த ஜி.கே. வெங்கடேஷிடம்தான் நம் இளையராஜா உதவியாளராக இருந்து தொழில் கற்றுக்கொண்டார். எங்கள் கிளையில் கன்னடப் பாட்டு ரசிகரான ஹெட் கேஷியரிடம் இதைச் சொன்னேன். "அப்போ உங்க ராஜா எங்க ஆளு சார்" என்றார். "சரி, பாதி வச்சுக்குங்க" என்றேன்.

திருச்சிக்குத் திரும்புகிறேன். எழுதத் தயங்குகிற இடம் இதுதான்.

எங்கள் வகுப்பில் வியாசர்பாடிப் பையன் ஒருவன் இருந்தான். அப்பா பெரம்பூரில் ரயில்வே தொழிலாளி. மாமா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை. அந்த மாமா பார்வையில் இருக்கட்டும் என்று திருச்சியில் சேர்த்திருந்தார்கள். அவன் பெயரை யாரும் சொல்ல மாட்டோம். 'மெட்ராஸ்' என்றுதான் கூப்பிடுவோம். அவன் இரண்டு கட்சியிலும் இல்லை. அவன் கானா பாடுவான்.

கானா அப்போது சினிமாவுக்குள் வந்துவிட்டது. தேவா இசையில் வருகிற கானாவுக்குத் தியேட்டரில் எழுந்து ஆடுவோம். ஆனால் மெட்ராஸ் பாடியது அது இல்லை. அவன் ஊரில் பாடுவது. வடசென்னையில் உழைக்கிற ஜனங்கள், பெரும்பாலும் தலித் மக்கள் வாழ்கிற தெருக்களில், சாவு வீட்டில் ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து பாடுகிற பாட்டு. செத்தவர் யார், எப்படி வாழ்ந்தார், யாரை விட்டுப் போனார் என்று இட்டுக்கட்டிப் பாடுவது. இதெல்லாம் இப்போது தெரிந்து எழுதுகிறேன். அப்போது எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான். லோக்கல்.

அந்த வார்த்தை எவ்வளவு வசதி பாருங்கள். 'நீ எந்த ஏரியா, எந்த ஜாதி' என்று கேட்டால் அசிங்கம். 'லோக்கல்' என்றால் ஜோக்.

1998-இல் விடுதி தினம். மெல்லிசைக்குப் பன்னிரண்டு பாட்டு என்றார் வார்டன். ஆறு ராஜாவுக்கு, ஆறு ரஹ்மானுக்கு என்று பஞ்சாயத்து பேசி முடித்தோம். மெட்ராஸ் வந்து, "மச்சி, எனக்கு ஒரே ஒரு பாட்டு" என்றான். இரண்டு கட்சியும் ஒரே குரலில் இல்லை என்றது. மூன்று வருடத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் தீர்மானம் அது.

நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவுக்கு மேல், மெஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அவன் பாட ஆரம்பித்தான். கையில் கவிழ்த்த பிளாஸ்டிக் பக்கெட். அவ்வளவுதான் வாத்தியம். முதலில் சமையல்காரர்கள் வந்து நின்றார்கள். அப்புறம் வாட்ச்மேன். பிறகு மாடியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாட்டு நன்றாக இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு எங்கள் பன்னிரண்டு பாட்டுக்கு இல்லாத கூட்டம் அங்கே சேர்ந்தது. அதுதான் எரிச்சல்.

மேல்மாடிக்காரன் ஒருவன், "சாவுப் பாட்டுன்னா ஒரு சாவு வேணும்ல?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கீழ்மாடிக்காரன் ஒருவன் பெஞ்சைப் போட்டு அதில் நீட்டிப் படுத்தான். இன்னொருவன் அவன் நெற்றியில் நாலணா வைத்தான். விருந்தினருக்குப் போட்ட ரோஜா மாலை மேடையில் கிடந்தது. அதை யாரோ எடுத்து வந்து படுத்தவன் கழுத்தில் போட்டார்கள். ஒப்பாரி வைத்தோம். மார்பில் அடித்துக்கொண்டோம். ராஜா கட்சியும் ரஹ்மான் கட்சியும் தோளில் கைபோட்டு ஆடியது அன்றைக்குத்தான்.

மெட்ராஸ் பாட்டை நிறுத்தினான். பக்கெட்டை நேராக நிமிர்த்தி வைத்தான். கோபமாகப் பேசவில்லை. "எங்க அப்பாவுக்குப் பாடுனது மச்சி இது" என்றான்.

அவன் அப்பா அந்த வருடம் பொங்கலுக்குப் பிறகு இறந்திருந்தார். பத்து நாள் லீவு போட்டுப் போய் வந்தான். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் விடுதியைக் காலி செய்து பொன்மலைக்கு மாமா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்து வந்து போய்ப் படித்து முடித்தான். கடைசி வருடம் முழுக்க எங்களோடு பேசவில்லை. அவன் எங்களை அடிக்கவுமில்லை, யாரிடமும் புகார் செய்யவுமில்லை. அதனாலேயே அது ஒரு சம்பவமாக எங்கும் பதிவாகவில்லை.

இது என்னவோ நம் ஊர் சமாச்சாரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரீல்ஸ் விவகாரத்துக்குப் பிறகு உட்கார்ந்து தேடிப் படித்ததில், உலகம் முழுக்க இதே கதை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் 1964-இல் ஸ்கூட்டர் ஓட்டுகிற 'மாட்ஸ்', மோட்டார் பைக் ஓட்டுகிற 'ராக்கர்ஸ்' என்று இரண்டு கூட்டம். உடையும் வேறு, பாட்டும் வேறு. ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டனிலும், மே மாதம் பிரைட்டனிலும் கடற்கரையில் அடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதை ஒரு யுத்தம் மாதிரி ஊதிப் பெருக்கின என்று ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் 1972-இல் புத்தகமே எழுதினார். எங்கள் விடுதிக்குப் பத்திரிகை வராதது நல்லதாகப் போயிற்று.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. 1979 ஜூலை 12, சிகாகோ. ராக் ரசிகரான ஒரு ரேடியோ அறிவிப்பாளர், "டிஸ்கோ ரெக்கார்டு ஒன்று கொண்டு வாருங்கள், 98 சென்ட்டுக்கு பேஸ்பால் ஆட்டம் பார்க்கலாம்" என்று அழைத்தார். சுமார் ஐம்பதாயிரம் பேர் வந்துவிட்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மைதானத்தில் ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே புகுந்து அடித்து நொறுக்க, இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. அன்று அங்கே ரசிகர்களுக்கு இடம் காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ், பின்னாளில் இசைத் தயாரிப்பாளர் ஆனார். வந்த ரெக்கார்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்கள் பாடியவை என்று அவர் சொல்லியிருக்கிறார். டிஸ்கோவைக் கொண்டாடியவர்களில் கறுப்பர்கள், லத்தீன் இனத்தவர்கள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் அதிகம். ஆளை எரிக்க முடியாது, ரெக்கார்டை எரிக்கலாம். எங்கள் மாலையும் நாலணாவும் அதே கணக்குதான்.

சில நேரம் ஆளையே முடித்துவிடுகிறார்கள். 2007 ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் பேகப் என்ற சிற்றூரில், சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண். 'காத்' இசைக் கூட்டத்தைச் சேர்ந்தவள் போல உடுத்தியிருந்தாள் என்பதற்காகப் பூங்காவில் பையன்கள் அவளையும் அவள் நண்பனையும் மிதித்தார்கள். அவள் பிழைக்கவில்லை. அதன் விளைவாக, 2013-இல் மான்செஸ்டர் பெருநகரப் போலீஸ் இப்படி இசை, உடை அடையாளத்துக்காக நடக்கும் தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது. எல்லா ஜோக்கும் கொலையில் முடியாது. ஆனால் அந்தக் கொலை ஒரு ஜோக்கில்தான் ஆரம்பித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டால் அடையாளம் காணப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் ஒரு நாள் தெரிந்தது. 2016 செப்டம்பர், காவிரிப் பிரச்சினை. பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்த வாரம். அப்போது மைசூரில் இருந்தோம். ஜூனியரைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன், காரில் ராஜா பாடிக்கொண்டிருக்கிறார். சிக்னலில் பக்கத்தில் பைக்கில் இரண்டு பையன்கள். ஒருவன் திரும்பிப் பார்த்தான். நான் சட்டென்று பாட்டை நிறுத்தினேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள். ஒருவேளை பாட்டு பிடித்துத்தான் பார்த்தானோ என்னவோ.

"ஏம்பா நிறுத்திட்டீங்க?" என்றான் எட்டு வயது ஜூனியர்.

"தலை வலிக்குதுடா" என்றேன்.

நாற்பது கேசட் வைத்திருந்த முக்கியஸ்தன், ஒரு பார்வைக்குப் பயந்து தன் பாட்டை நிறுத்தினான். மெட்ராஸ் பக்கெட்டை நிமிர்த்தி வைத்தது அன்றைக்கு ஞாபகம் வந்தது.

காலம் மாறத்தான் செய்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் முறையாக மேடை ஏறியது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்பதிலிருந்து எடுத்த பெயர். அந்தக் குழுவில் இருந்த அறிவுதான் 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' எழுதிப் பாடினார். அது வெளிவந்த 'மாஜா' அமைப்பு ரஹ்மானின் ஆதரவில் தொடங்கியது. ஒப்பாரியும் ராப்பும் கலந்த அந்தப் பாட்டுக்கு சாமராஜநகர் கல்யாண மண்டபத்தில் கன்னடக் குழந்தைகள் ஆடியதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பாட்டின் புகழ் வந்தபோதும், ஒரு இசைப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை என்று பெரிய சர்ச்சை ஆனது. பாட்டு உள்ளே வந்துவிடுகிறது, பாடுகிறவன் வாசலில் நிற்கிறான்.

ரீல்ஸ் பார்த்த அந்த ராத்திரி ஜூனியரை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். அட்வைஸ் ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்வான் என்று தெரியும். அதனால் விடுதிக் கதையைச் சொன்னேன். ராஜா, ரஹ்மான் சண்டை வரை விழுந்து விழுந்து சிரித்தான். மெட்ராஸ் கதையில் அமைதியானான்.

"அந்த மாலையை யாருப்பா எடுத்துட்டு வந்தது?"

மேலே 'யாரோ' என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? அவனிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இருபத்தேழு வருடமாக எனக்கே அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"நான்தான்டா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அங்கிள் இப்ப எங்க இருக்காரு?" என்றான்.

தெரியாது. பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறோம். ராஜா கட்சிக்காரன் ரஹ்மான் பாட்டுக்கு இதயம் போடுகிறான். அதில் மெட்ராஸ் இல்லை. அவன் எண் யாரிடமும் இல்லை. போன வாரம் குழுவில் கேட்டேன். "யாரு, அந்த லோக்கல் பார்ட்டியா?" என்று ஒருவன் பதில் போட்டான், பக்கத்தில் சிரிப்புப் பொம்மை. இன்று அவன் ஒரு பெரிய நிறுவனத்தில் பெரிய பதவி. நான் மட்டும் என்ன, அவன் உண்மையான பெயரைச் சொல்லித்தான் கேட்டேனா? 'மெட்ராஸ்' என்றுதான் கேட்டிருந்தேன். ஹால் டிக்கெட்டில் பார்த்த பெயர் ஞாபகம் இருக்கிறது. ஆனால் கை அதைத் தட்டவில்லை.

மறுநாள் ஜூனியர் அந்த ரீல்ஸை எடுக்கச் சொல்லித் தன் குழுவில் எழுதினானாம். "நீ எப்படா பிடிஎஸ் ஆன?" என்று கேட்டு இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார்கள். எடுத்தவன் அழித்துவிட்டான், ஆனால் அதற்குள் ஊர் முழுக்கப் போயாகிவிட்டது. ஜூனியர் அந்தப் பையனிடம் போய் "சாரி" சொன்னான். அவன் "பரவாகில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டானாம்.

"அவன் என்கூடப் பேச மாட்டேங்கிறான்பா."

"பேசணும்னு அவனுக்கு என்னடா அவசியம்?" என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நினைக்கிற வயசு.

வங்கியில் ஒரு நடைமுறை உண்டு. வராத கடனை ஒரு கட்டத்தில் ரைட் ஆஃப் செய்வோம். புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம், பேலன்ஸ் ஷீட் சுத்தமாகத் தெரியும். வெளியே இருப்பவர்கள் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகாது. கடன் வாங்கியவன் கட்டத்தான் வேண்டும், வங்கி கேட்டுக்கொண்டேதான் இருக்கும். இதை வாடிக்கையாளர்களுக்கு வருடக்கணக்காக விளக்கியிருக்கிறேன்.

இன்று குழுவில் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அவன் பெயரை முழுதாகப் போட்டு, இனிஷியலோடு. பொன்மலைப் பக்கம் ரயில்வேயில் இருந்த யாருக்காவது அவன் மாமா குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறேன். சிரிப்புப் பொம்மை இன்னும் வரவில்லை. பதிலும் வரவில்லை.

தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலையில் ஜாத்திரை. இந்த வருடம் ஊருக்குப் போகாமல் மலைக்குப் போகலாமா என்று தங்கமணியிடம் கேட்டிருக்கிறேன். ராத்திரி அங்கே கம்சாளே பாடுவார்கள். ஜூனியரும் வருகிறேன் என்கிறான், தொப்பி டீ-ஷர்ட்டோடுதான். போட்டுக்கொண்டு வரட்டும், மலையில் குளிரும்.